தாய்லாந்து உளுந்தும் என் கைராசியும்

மாவு பொங்கி ஹோட்டல் லிஃப்ட் நின்றுபோனது என்று உங்களிடம் யார் சொன்னது, டீச்சர்? இரண்டாம் மாடி மங்களமா? அவளிடம் தும்மினேன் என்று சொன்னால் போதும், நம்மை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். லிஃப்ட் நிற்கவில்லை. மாவு பொங்கவே இல்லை. பொங்காததுதான் கதையே.

நீங்கள் நம் ஃபிளாட் சங்க மலருக்கு எழுதுவதாக இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. உங்களுக்குப் பென்ஷனே எழுத்தினால்தான் வருகிறது. என் பேச்சை நேராக்கிப் புத்தகத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யாராவது பேசினதாக நான் சொன்னால், அதில் கை வைக்காதீர்கள். அவர்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே இருக்கட்டும். கிரைண்டரில் உளுந்து போட்டிருக்கிறேன், கேட்கிறதா சத்தம்? அது அரைபட்டு முடிகிற வரைதான் உங்களுக்கு நேரம்.

இந்தச் செம்பூர் ஃபிளாட்டுக்கு வந்து இரண்டு வருஷம். அதற்கு முன்னால் நாற்பது வருஷம் தாராவி. எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு இட்லிதான். நாங்கள் அரைத்து அவித்துக் கொடுக்க, ஆண்கள் அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் கட்டி, மாட்டுங்கா, சயான் என்று விற்கப் போவார்கள். அப்படி அவித்துத்தான் என் மகன் முத்துவை வளர்த்தேன். அவன் வளர்ந்து அதே சந்து முனையில் அரிசி உளுந்துக் கடை போட்டான். வீடு மாறினோம், கடை மாறவில்லை. அந்தச் சந்து வாங்கினால்தான் எங்களுக்குச் சோறு.

போன மழைக்காலத்தில் முத்து வாஷி மார்க்கெட்டிலிருந்து ஒரு லோடு உளுந்து எடுத்தான். பளபளவென்று கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. எல்லாம் எண்ணெய் மினுக்கு. உள்ளே பழைய சரக்கு. மூன்றாம் நாள் காலையில் சந்துப் பெண்கள் கடைக்கு வந்தார்கள். ஒருத்தியும் சத்தம் போடவில்லை. ஆளுக்கு இரண்டு இட்லியைப் பலகை மேல் வரிசையாக வைத்தார்கள். இட்லி வைத்தால் சத்தம் கேட்குமா, டீச்சர்? கேட்டது. "டக், டக்" என்று கேட்டது.

"முத்தண்ணே, இத நீங்க தின்னு காட்டுங்க. பல்லு இருந்தா நாளைக்கும் ஒங்க கடைக்கே வாறோம்" என்றாள் ஒருத்தி.

முத்து தின்னவில்லை. பல்லைக் காப்பாற்றினான், பேரைக் காப்பாற்ற முடியவில்லை. பாதிச் சந்து அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டது. மீதிப் பாதி, "இன்னும் ஒரு தடவ பாப்போம்" என்று நின்றது. இன்னொரு தடவை இட்லி கல்லானால் கடையை மூட வேண்டியதுதான்.

உளுந்து விலை நம் கையிலா இருக்கிறது? இங்கே மழை தப்பினால் பர்மாக்காரன் விலையை ஏற்றுகிறான். அங்கே சண்டை வந்தால் கப்பல் நிற்கிறது. கப்பல் நின்றால் தாராவியில் இட்லி சிறுத்துப்போகிறது. இதையெல்லாம் முத்து ஃபோனிலேயே படிப்பான். தாய்லாந்தில் ஒரு கிடங்கில் புது உளுந்து இருக்கிறது, வாஷிக்காரர் ஒருத்தரோடு சேர்ந்து ஒரு கண்டெய்னர் எடுக்கலாம் என்று சேதி வந்ததும் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"எம்மா, நீயும் வா. நீ கைய வச்சுப் பாத்து சரின்னா எடுக்கேன். இல்லன்னா வெறுங்கையோட திரும்பிருவோம்."

"எலேய், ப்ளேன்லயா?"

"பின்ன, நூத்தி எழுபதாம் நம்பர் பஸ்ஸுலயா?"

என்னை ஏன் கூப்பிட்டான் என்று கேட்கிறீர்களா? என் கை அப்படி. மூட்டைக்குள் கையை விட்டால் புதுசா பழசா என்று சொல்லிவிடும். மாவு கரைக்கவும் அந்தக் கைதான். உப்புப் போட்டு நான் ஒரு சுற்றுக் கரைத்தால் விடியும்போது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். தாராவியில் இருந்தவரை என் மருமகள் செல்வியை மாவில் கை வைக்க நான் விட்டதில்லை. இங்கே வந்த பிறகுதான் வாரத்துக்கு மூன்று நாள் அவள் கரைக்கிறாள். நல்ல பெண். குறை ஒன்றே ஒன்றுதான், குளிர்ந்த கை. அவள் கரைத்துச் சமையல் மேடையில் வைக்கிற மாவு வைத்தபடியே இருக்கும். நான் கரைத்து என் கட்டிலுக்கு அடியில் வைக்கிற மாவு பொங்கித் தரையில் வழியும். ஒரே உளுந்து, ஒரே அரிசி, ஒரே கிரைண்டர். வித்தியாசம் கையைத் தவிர வேறென்ன? இதை நான் மறைத்துப் பேசினதே இல்லை. லிஃப்டில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், அவள் அம்மாவிடமே சொன்னேன். உங்களிடமும் சொன்னேன், இல்லையா? சிரிக்காதீர்கள். எழுதுங்கள்.

ப்ளேனில் ஏறியதும் எனக்கு ஒரு சங்கடம். தமிழ் தெரியாதவர்களைக் கண்டால் என் வாயில் தானாக இந்தி வந்துவிடும். பம்பாய்ப் பழக்கம். ப்ளேனில் பரிமாறுகிற பெண் மூடி போட்ட ஒரு சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "யே க்யா ஹை, பேட்டி?", இது என்னம்மா என்று கேட்டேன். அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மூடியைத் திறந்தால் சோறு, மேலே ஒரு இலை, பக்கத்தில் இனிப்பாக ஒரு கோழி. நான் பையிலிருந்து மிளகாய்ப்பொடி தடவின இட்லியை எடுத்தேன். பக்கத்து ஸீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒன்று கொடுத்தேன். தின்றார், கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொன்று கேட்டார். அதற்குப் பிறகு இறங்குகிற வரை என் பையை அவர்தான் தூக்கினார்.

பாங்காக்கிலிருந்து காரில் வடக்கே நாலு மணி நேரம். அந்த ஊர்ப் பெயர் என் வாயில் நுழையவில்லை, விட்டுவிடுங்கள். ஹோட்டல் அறைக்குள் போனதும் முத்து முதலில் ஏசியைப் போட்டான், அப்புறம்தான் செருப்பைக் கழற்றினான். அவன் உங்களுக்குத் தெரியுமே, எருமை மாதிரி. குளிர் இருந்தால்தான் தூக்கம். எனக்கு ஆகாது. இங்கே என் அறையில் நான் அதை மாட்டவே விடவில்லை. அங்கே இரண்டு பேருக்கும் ஒரே அறை. ஸ்வெட்டரைப் போட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலையில் கிடங்கு. வாஷி மார்க்கெட்டைப் பார்த்த கண்ணுக்கு அது கோயில். ஒருத்தரும் கத்தவில்லை, ஒருத்தரும் துப்பவில்லை. மூட்டை மேல் ஏறி உட்கார்ந்திருந்த பூனைகூட என்னைக் கண்டதும் மரியாதையாக இறங்கிப் போனது. கிடங்கின் சொந்தக்காரி என் வயசுக்காரி. கால்சட்டை, ரப்பர் செருப்பு, காதில் பென்சில். அவளும் முத்துவும் இங்கிலீஷில் பேசினார்கள். இரண்டு பேருடைய இங்கிலீஷும் நொண்டியதால் நன்றாகச் சேர்ந்து நடந்தது.

நான் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே சில்லென்று இருந்தது. ஒரு பிடி எடுத்து முந்தானையில் தேய்த்தேன். எண்ணெய்க்கறை இல்லை. ஒன்றைக் கடித்தேன். "பட்"டென்று இரண்டாக உடைந்தது. கறுப்புத் தோலோடு இருக்கிற உளுந்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"எலேய், நல்ல சரக்கு. ஆனா அரைச்சுப் பாக்காம நான் சரின்னு சொல்லமாட்டேன்" என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன், எனக்கு முன்னாலேயே அங்கே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, எழுபது வயசிருக்கும். ஜப்பான்காரர். எழுந்து நின்று எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். நான் அவர் தலையைத் தொட்டு, "நல்லாயிருய்யா" என்றேன். அவர் மறுபடி குனிந்தார். நான் மறுபடி தொட்டேன். எவ்வளவு நேரம் போயிருக்குமோ, முத்துதான் இழுத்து உட்காரவைத்தான்.

அவரும் இதே உளுந்துக்குத்தான் வந்திருந்தார். என்ன செய்வார் என்று கேட்டேன். முத்து விசாரித்துச் சொன்னான். முளைகட்டி, விரல் நீளத்துக்கு வால் வந்ததும் நூடுல்ஸில் போட்டுத் தின்பார்களாம். நான் முத்து பக்கம் திரும்பினேன்.

"கிரைண்டரையே பாக்காதா?"

"பாக்காதும்மா."

"வடை?"

"கெடையாது."

"பாவம்லே அந்த உளுந்து!"

கிடங்குக்காரிக்கு இரண்டும் வேடிக்கையாக இருந்தது. அவர்கள் விளைவிக்கிறார்களே தவிர, வீட்டில் சமைப்பதே இல்லையாம். "உங்களில் ஒருவர் வாலை வளர்க்கிறீர்கள், ஒருவர் தோலை உரிக்கிறீர்கள். சரக்கு ஒன்றுதான் இருக்கிறது. நாளைக் காலையில் யார் முதலில் சரி என்கிறீர்களோ அவருக்கு" என்று சொன்னாளாம். ஜப்பான்காரர் இரண்டு நாள் முன்னாலேயே வந்து ஒரு தட்டில் ஈரக் காகிதம் போட்டு உளுந்தைத் தூவி வைத்துவிட்டார். அவருக்கு அதுதான் பரீட்சை. எனக்கு மாவுதான் பரீட்சை. இரண்டு பிடி உளுந்தைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தேன்.

ஹோட்டலில் வெந்நீர் போடுகிற கெட்டிலில் உளுந்தை ஊறவைத்தேன். அரிசியை ஊரிலேயே ரவையாக உடைத்துக் கொண்டுபோயிருந்தேன். அரிசி விளைகிற நாட்டுக்கு அரிசி கொண்டுபோன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். உப்பு உண்டு, தூக்குவாளி உண்டு. அரைக்கத்தான் ஒன்றும் இல்லை. முத்து குளிக்கப் போனான். அவன் குளித்து வருவதற்குள் ஒரு உரலைப் பார்த்துவிட்டு வருவோம் என்று நான் ரோட்டுக்கு இறங்கினேன்.

பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட ஒரு வேன் வந்தது. நம் தேவ்நார் ஷேர் ஆட்டோ மாதிரிதான், முனையில் இறங்கிக்கொள்ளலாம் என்று ஏறினேன். முனை வந்தது, போனது. அடுத்த முனையும் போனது. "ரோக்கோ! அரே பாய், ரோக்கோ!" என்று நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். ஏறியிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். மேலே ஒரு பித்தான் இருக்கிறது, அதை அமுக்கினால்தான் நிற்கும் என்பது கடைசி ஸ்டாப்பில்தான் எனக்குத் தெரிந்தது. கடைசி ஸ்டாப் மார்க்கெட்.

இறங்கியதும் ஒரு தும்மல் வந்தது பாருங்கள், அப்படி ஒரு தும்மல். அந்தத் தும்மல் எனக்குத் தெரியும். தேடிப் போனால் மூட்டை மூட்டையாக வற்றல் மிளகாய். மூட்டையில் வட்ட வட்டமாக எழுத்து, நம் மாடி ரெட்டி வீட்டுத் தெலுங்குக் காலண்டரில் இருக்கிற அதே எழுத்து. ஆந்திரா மிளகாய், டீச்சர்! காம்பு நறுக்கி, நிறம் மாறாமல், பெட்டி நகை மாதிரி. நம் கடையில் இந்த மாதிரி மிளகாயைப் பார்த்திருக்கிறீர்களா? நல்லதை இவர்களுக்கு அனுப்பிவிட்டு, நமக்குக் காம்பையும் விதையையும் வைத்திருக்கிறார்கள். இவர்கள் உளுந்தை நமக்கு அனுப்பிவிட்டு நம் மிளகாயை வாங்கித் தின்கிறார்கள். அவரவர் ஊரில் விளைந்ததை அவரவரே தின்றால் இந்தக் கப்பல்காரர்களெல்லாம் எங்கே போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மிளகாயை ஒரு பெண் இடித்துக்கொண்டிருந்தாள். கருங்கல் உரல், கருங்கல் குழவி! எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. மாலி என்று பெயர். மீன் சேர்த்து மிளகாய்த் துவையல் இடித்து விற்கிறாள். பக்கத்து அடுப்பில் ஒரு பானை, பானை வாயில் கூம்பாக ஒரு மூங்கில் கூடை, அதில் பசை அரிசி ஆவியில் வேகிறது. நான் உரலைக் காட்டினேன், கையால் இடித்துக் காட்டினேன், கையைத் தலையணையாக வைத்துத் தூங்கிக் காட்டினேன், நாளைக்குத் திருப்பித் தருவேன் என்பதற்காக. அவள் என்ன புரிந்துகொண்டாளோ, ஏதோ கேட்டாள். "இவ்வளவு அவசரமாக எதை இடிக்கப் போகிறாய்?" என்றுதான் இருக்கும். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. மிளகாய்ப்பொடி டப்பாவைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு உரலைத் தூக்கி வேனில் வைத்தே விட்டாள்.

ஹோட்டலுக்கு வந்தால் முத்து ரோட்டில் நின்று அழாத குறை. "எங்கம்மா போன? போலீஸுக்குச் சொல்ல இருந்தேன்!"

"சொல்லு, ஒரல் தூக்க ஆளு வேணும்."

உரலைப் புளி போட்டுத் தேய்த்து மீன்நாற்றம் போக்கினேன். தோல் கழுவின உளுந்தைப் போட்டு அறையிலேயே இடிக்க ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில் கீழ் அறைக்காரர் துண்டோடு வந்துவிட்டார். பின்னால் மேனேஜர். "மேடம், ஹோட்டலில் கட்டட வேலை எதுவும் நடக்கவில்லை என்று இவரிடம் இப்போதுதான் சொன்னேன். என்னைப் பொய்யனாக்காதீர்கள்" என்றாராம். கார் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து மீதியை இடித்தேன். மங்களம் சொன்ன லிஃப்ட் கதை இதிலிருந்து கிளம்பினதுதான். லிஃப்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, உரலை ஏற்றினபோது ஒரு தடவை முனகியது, அவ்வளவுதான்.

உளுந்து பூ மாதிரி வந்தது. ரவையைப் பிழிந்து போட்டு, உப்புப் போட்டு, என் கையால் கரைத்துத் தூக்குவாளியில் ஊற்றி மேசை மேல் வைத்தேன். முத்து ஏசியைப் போட்டான். நான் துண்டைக் கட்டினேன். படுத்தோம்.

விடிந்ததும் மூடியைத் திறந்தேன். வைத்த மாவு வைத்தபடி. தட்டிப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். புளிப்பே இல்லை. என் ஆயுசில் இப்படி நடந்ததில்லை, டீச்சர்.

"என்னம்மா?"

"செத்த உளுந்துலே."

"நேத்து நல்ல சரக்குன்னு சொன்னியே!"

"நேத்துப் பாத்தது மொகத்த. உள்ள உசுரு இல்ல."

என் கை தப்பாது. கை தப்பாது என்றால் உளுந்துதானே தப்பாக இருக்க வேண்டும்? அப்படித்தான் எனக்குத் தோன்றியது. முத்து தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பித்தானைப் போட்டான். ஒரு பித்தான் மேலே கீழே போட்டுவிட்டான். அவன் பள்ளிக்கூடத்தில் தோற்ற நாளில்தான் அப்படிப் போடுவான்.

கிடங்கில் ஜப்பான்காரர் தட்டை நீட்டினார். ஒவ்வொரு உளுந்திலும் வெள்ளையாக மூக்கு வந்திருந்தது, ஒன்று பாக்கி இல்லை. "எல்லாம் உயிரோடு இருக்கிறதே, அம்மா ஏன் வேண்டாம் என்கிறார்கள்?" என்று கேட்டாராம்.

"மொளைக்கது வேற, பொங்குகது வேற. அவருகிட்ட சொல்லு" என்றேன்.

முத்து சொன்னான். அவர் குனிந்தார். நான் தொடவில்லை. கிடங்குக்காரி காதிலிருந்து பென்சிலை எடுத்தாள், அவ்வளவும் ஜப்பானுக்கு என்று எழுதிக்கொண்டாள்.

மத்தியானம் உரலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மாவைக் கொட்ட மனசு வரவில்லை. மாலியின் கடைக்குப் பின்னால் கோழிகள் உண்டு, அவற்றுக்குப் போடட்டும் என்று தூக்குவாளியோடு அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இந்தத் தடவை பித்தானைச் சரியாக அமுக்கி ஹோட்டல் வாசலில் இறங்கினேன். பாராட்டத்தான் ஆள் இல்லை. முத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அப்போது செல்வி ஃபோன் பண்ணினாள்.

"அத்தே, உளுந்து கெடச்சுதா?"

"எங்கட்டி? செத்த உளுந்து. என் கையால கரைச்சே பொங்கல."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தினாள்.

"ஒங்க கையிலயா, அத்தே?"

"ஏன், அதுல ஒனக்கு என்ன சந்தோசம்?"

"சந்தோசம்லாம் இல்ல. மாவ எங்க வச்சிருந்தீய?"

"மேசை மேல."

"ஏசி ஓடிச்சா?"

"ஒன் புருசன் ஏசி இல்லாம ஒறங்குவானா? பதினெட்டுல வச்சுக்கிட்டு எங்கிட்ட கம்பளி கேக்கான்."

"அதான், அத்தே."

"எது அதான்?"

"குளிருல மாவு பொங்காது, அத்தே. நம்ம வீட்லயும் ஹால் ஏசி ராத்திரி பூரா நேரா சமையல் மேடை மேலதான் அடிக்கி. ஒங்க ரூம்ல ஏசி கெடையாது. ரெண்டு வருசமா சொல்லணும்னு இருந்தேன். நீங்க கைன்னு சொல்லிட்டீய, நான் என்னத்தச் சொல்ல..."

"ஹலோ? ஹலோ? செல்வி, சிக்னல் இல்லட்டி" என்று வைத்துவிட்டேன்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரே ஓட்டம். "எலேய் முத்து, எந்திரி! கோழி தின்னுருக்கும்லே!" என்றால் அவனுக்கு என்ன புரியும்? வேனில் போகிற வழியில் சொன்னேன். ஏசி, மாவு, கோழி எல்லாவற்றையும் சொன்னேன், செல்வி பெயரைச் சொல்லவில்லை.

மாலி கடை முன்னால் ஒரு சின்னக் கூட்டம். கூட்டத்தை விலக்கினால், அடுப்புப் பக்கத்தில் என் தூக்குவாளி. மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. மாவு வெள்ளை வெளேரென்று பொங்கி, வாளி வயிறு முழுக்க வழிந்து, தரையில் கோலம் போட்டிருக்கிறது. மாலி அதற்கு உயிர் வந்துவிட்டது என்று பயந்து பக்கத்துக் கடைக்காரிகளையெல்லாம் கூப்பிட்டிருக்கிறாள். ஒருத்தி குச்சியால் தொட்டுப் பார்க்கிறாள். ஒரு கோழிகூடக் கிட்டே வரவில்லை. நான் வாளியைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். மாலி மட்டும் ஒரு அடி தள்ளி நின்றே சிரித்தாள்.

இட்லித் தட்டுக்கு எங்கே போவது? மாலியின் மூங்கில் கூம்பில் ஈரத்துணியைப் போட்டு மாவை ஊற்றினேன். வெந்ததும் கவிழ்த்தால், ஒரே இட்லி! கோபுரம் மாதிரி, ஒரு முழ உயரத்துக்கு நிற்கிறது. அசைத்தால் ஆடுகிறது, உடையவில்லை. அதை ஒரு கூடையில் வைத்து, மடியில் பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு கிடங்கு மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தோம்.

ஜப்பான்காரர் புறப்பட எழுந்திருந்தார். நான் இட்லியை அவருக்கு முன்னால் வைத்தேன். கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு, "மேரி கல்த்தி, பாய்சாப். உளுந்து அச்சா ஹை. கல்த்தி மேரி", உளுந்து நல்லது, தப்பு என்னுடையது என்றேன். ஜப்பான்காரரிடம் இந்தியில் மன்னிப்புக் கேட்டவளும் நானாகத்தான் இருப்பேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? யாரோ ஒரு ஆள், இனிமேல் பார்க்கப் போவதில்லை, சொல்லிவிடலாம்.

அவர் விரலால் இட்லியை அமுக்கினார். அது அமுங்கி மேலே வந்தது. மறுபடி அமுக்கினார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு துண்டு பிய்த்து, பையிலிருந்து சின்னப் பாக்கெட்டில் அவர் ஊர்க் கறுப்புச் சாற்றை எடுத்து அதில் தொட்டுத் தின்றார். சட்னி இல்லாத பாவத்தை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது துண்டும் பிய்த்தார். கிடங்குக்காரியும் பிய்த்தாள். இத்தனை வருஷம் விற்ற உளுந்தை அவள் முதல் தடவை தின்றது அன்றைக்குத்தான்.

அவர் முத்துவிடம் ஏதோ சொன்னார். முத்து இரண்டு தடவை திரும்பக் கேட்டான். "எம்மா, பாதிய விட்டுத் தாறேங்காரு. மிச்சத்துக்கு வேற கிடங்கு பாத்துக்கிடுதேங்காரு."

"சும்மாவா?"

"இந்த இட்லியில மீதி இருக்கது அவருக்கு வேணுமாம்."

கூடையோடு கொடுத்தேன். அவர் குனிந்தார். இந்தத் தடவை நானும் குனிந்தேன். இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. கிடங்குக்காரி பென்சிலால் முன்னே எழுதினதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். முத்து சட்டைப் பித்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டான்.

இதுதான் நடந்தது. சரக்கு கப்பலில் வந்து, மில்லில் தோல் போய், நேற்றுதான் கடைக்கு வந்தது. சந்துப் பெண்கள் ஒரு மூட்டைகூட எடுக்கவில்லை. "மொதல்ல பாட்டி அவிச்சுக் கொண்டு வரட்டும், தின்னு பாத்துட்டுச் சொல்லுதோம்" என்று சொல்லிவிட்டார்கள். நாளைக் காலையில் நாற்பது இட்லியோடு போய் அதே பலகையில் வைக்க வேண்டும். சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் கடை இல்லை. கிரைண்டரில் இப்போது சுற்றுகிறதே, அது அந்த மாவுதான்.

ஊருக்கு வந்து இத்தனை நாளாகியும் செல்வி அந்த ஃபோனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. சிக்னல் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொண்டிருக்கிறோம். ஜப்பான்காரரிடம் சொன்னது ஒரே வீட்டுக்குள் ஏன் வாயில் வரமாட்டேன் என்கிறது? ஆறு மாடிக்கும் சொன்னதைத் திருப்பி வாங்க வேண்டும். மங்களத்திடம் சொன்னால் போகாது, நல்ல சேதியைத் தூக்கிக்கொண்டு ஏற அவளுக்கு முழங்கால் வலி வந்துவிடும். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். மலரில் போட்டால் எல்லா வீட்டுக்கும் போய்விடும். செல்விக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், இவ்வளவு நீளத்துக்குப் படிக்கமாட்டாள். அந்த தைரியத்தில்தான் இவ்வளவும் சொன்னேன்.

இருங்கள், சத்தம் மாறிவிட்டது. அரைபட்டுவிட்டது, இனி விட்டால் சூடேறிவிடும். பேனாவை மூடுங்கள், டீச்சர். எழுதினது போதும், அந்த உப்பு ஜாடியைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்கள்.

"ஏட்டி செல்வி! எங்க இருக்க? மாவு ஆயிட்டு, வந்து கரை... நீதான்ட்டி, பின்ன யாரு? எனக்குக் கை வலிக்கி. ஆமா, நாளைக்குக் கொண்டுபோற மாவுதான். என்ன முழிச்சுக்கிட்டு நிக்க, கையக் கழுவிட்டு வா. கரைச்சு அந்த மேடையில வைக்காத. என் கட்டிலுக்கு அடியில கொண்டு வை. இனிமே அந்த எடம் ஒனக்குத்தான்."